பெட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கல்லூரியில் சேரும் தன் பேத்திக்கு ஸ்மார்ட்போன் வாங்க என்னைத் துணைக்கு அழைத்தார். சாஃப்ட்வேர் துறையில் வேலை என்று தெரிந்து விட்டால் போதும், தெருவில் உள்ள எல்லா போன்களுக்கும் நாம்தான் டாக்டர்! பட்ஜெட் ரூ.15 ஆயிரம். கேமரா, பேட்டரி பற்றி எல்லாம் அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். "தம்பி, நம்ம ஆளுங்க செஞ்சதா இருக்கணும். கொடுக்கற காசு இங்க நாலு பேருக்குச் சோறு போடணும்."

கடைக்காரர் நான்கு மாடல்களை எடுத்து வைத்தார். நான்கு பெட்டிகளிலும் 'மேட் இன் இந்தியா' என்றே அச்சாகி இருந்தது. சாரின் நிபந்தனையை வைத்து ஒரு மாடலைக் கூட ஒதுக்க முடியவில்லை.

இது தானாக நடந்தது அல்ல. வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் போனுக்கான சுங்க வரி 2017 டிசம்பரில் 15 சதவீதமாகவும், 2018 பிப்ரவரியில் 20 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2024 ஜூலையில்தான் மீண்டும் 15 ஆகக் குறைந்தது. இடையில் 2020-ல் உற்பத்திக்கு ஊக்கத்தொகை தரும் திட்டமும் வந்தது. எனவே கம்பெனிகள் இங்கேயே அசெம்பிள் செய்யத் தொடங்கின. லேப்டாப்பின் கதை வேறு. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததால், கம்ப்யூட்டருக்குச் சுங்க வரி போட முடியாது. 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு வரவே, அதைத் தளர்த்தி, பதிவு செய்து அனுமதி பெறும் முறையாக மாற்றியது. லேப்டாப் பெட்டிகளில் இன்னும் சீனாவின் பெயர் அதிகம் தெரிவதற்கு இந்த வரி வித்தியாசம் ஒரு முக்கிய காரணம்.

சரி, 'மேட் இன் இந்தியா' போனுக்குள் என்ன இருக்கிறது? பிராசஸர் பெரும்பாலும் தைவானில் தயாரானது. மெமரி சிப்பில் கொரியா முன்னிலையில் இருக்கிறது. டிஸ்ப்ளே சீனாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வருகிறது. சர்க்யூட் போர்டில் சிப்புகளைப் பொருத்துவது, டிஸ்ப்ளேவைச் சேர்ப்பது, டெஸ்ட் செய்வது, பேக் செய்வது ஆகியவைதான் இங்கே நடக்கும் முக்கிய வேலைகள். இதில் கூலி எவ்வளவு? 2007-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஐபாடைப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். கடை விலை 299 டாலர். சீனாவில் நடந்த அசெம்பிளி வேலைக்குக் கிடைத்தது சுமார் 4 டாலர்!

'அப்படியானால் இதெல்லாம் வெறும் ஸ்க்ரூ முடுக்கும் வேலைதானே' என்று என் ஆபீஸ் நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த 4 டாலரில் வளர்ந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

என் பெரியப்பா மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாலரைக்கே பஸ் வந்து விடும். தங்கையின் நர்சிங் படிப்புக்கும் வீட்டுக்குத் தளம் போட்டதற்கும் அவள் சம்பளம்தான். இன்னொரு பக்கமும் உண்டு. ஆறு வருடத்தில் மூன்று கம்பெனி மாறி விட்டாள். மூன்றிலும் ஆள் பிடித்துத் தரும் காண்ட்ராக்டரின் கணக்கில்தான் அவள் பெயர். ஆர்டர் குறைந்தால், "கூப்பிடும்போது வாங்க" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். வெளியே வரும் போனில் மட்டும் 'மேட் இன் இந்தியா' என்று தவறாமல் இருக்கும்.

நாம் வாங்கினால் மட்டும் வேலை நிலைத்து விடும் என்பதும் உண்மையில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் உறவில் பாதிப் பேர் கையில் நோக்கியாதான். ஆனால் 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆசையாக அந்த போனை வாங்கிய எவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிற்சாலையில் தொழிற்சங்க அங்கீகாரத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாராகின்றன. அதே சமயம் நாம் தீபாவளி ஆஃபர் பார்த்துக் கொண்டிருந்தோம். நானும்தான்.

இங்கே ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். எனக்குச் சம்பளம் வருவதே அமெரிக்க வாடிக்கையாளரின் பிராஜெக்டிலிருந்துதான். 'உள்ளூர் இன்ஜினியர் எழுதிய புரோகிராமை மட்டும்தான் வாங்குவேன்' என்று அவர் முடிவு எடுத்தால் அடுத்த மாதம் நான் வீட்டில்தான்! அதனால் வெளிநாட்டுப் பொருளைத் தொடாதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சீனாவில் லைனில் நிற்கும் பெண்ணும் என் அக்காவும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் விலையும் வசதியும் ஒன்றாக இருக்கும்போது இங்கே செய்ததை எடுப்பேன். எடுத்த பிறகு ஒரு கேள்வியும் கேட்பேன்.

எப்படிக் கேட்பது? பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரித்தவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை ஈமெயில் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பல போன்களில் பிராண்டு ஒன்றாகவும் தயாரித்த கம்பெனி வேறாகவும் இருக்கும். ஆன்லைனில் வாங்குபவர்களுக்கும் தயாரான நாட்டைக் காட்ட வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. அந்த ஈமெயிலுக்கு, 'இந்த போனை அசெம்பிள் செய்தவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களா?' என்று ஒரு வரி எழுதுங்கள். நான் இரண்டு கம்பெனிகளுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்று, எங்கள் பொருளை வாங்கியதற்கு நன்றி என்று ஐந்து நட்சத்திர ரேட்டிங் கேட்டது! ஆயிரம் பேர் எழுதினால் இதே பதிலை அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பேட்டரி வீங்கினாலோ டிஸ்ப்ளே உடைந்தாலோ உடனே புது போனுக்குப் போகாதீர்கள். தெருமுனை சர்வீஸ் கடையில் மாற்றினால், பார்ட்ஸ் விலை எங்கே போனாலும் கூலி முழுவதும் அந்தக் கடைப் பையனுக்குத்தான். சாரின் நிபந்தனைக்குப் புது போனை விட இது இன்னும் பொருத்தம். அவருடைய பழைய போனுக்கு அன்றே புது பேட்டரி போட்டு வாங்கி வந்தோம்.

பேத்திக்கு எடுத்த போனை செட்டிங்ஸ் செய்து தர என் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். அன்று அக்காவுக்கு வார விடுமுறை. பெட்டியைக் கையில் வாங்கியவள் போனைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கம் இருந்த முகவரியைப் படித்தாள்.

"இந்த கம்பெனியாடா? இங்க ரெண்டு வருஷம் முடிஞ்சா பர்மனென்ட் பண்றாங்கன்னு சொன்னாங்க. அப்ளிகேஷன் போட்டு வெச்சிருக்கேன்."