ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சீரியஸ்.

புராஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பெரியவங்களுக்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை 0.2-க்கு ஏறி, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தா நோய் திரும்பியிருக்குன்னு கணக்கு. (கதிர்வீச்சு மட்டும் வாங்கினவங்களுக்கு வேற கணக்கு: இறங்கின அடிமட்டத்துக்கு மேல 2.) ஆனா எங்கே உட்கார்ந்திருக்குன்னு ரத்தம் சொல்லாது. அதுக்குத்தான் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். அந்த கேன்சர் செல்லோட மேற்பரப்புல நிறைய இருக்கற ஒரு புரதத்துல போய் ஒட்டிக்கற மருந்தோட காலியம்-68ஐ சேர்த்து ஊசி போடுவாங்க. ஒட்டின இடம் படத்துல பளிச்சுன்னு தெரியும்.

அருமையான விஷயம், சந்தேகமே இல்ல. எனக்கு பயமே "ஸ்கேன் கிளியர்"னு வந்ததும் வீட்ல எல்லாரும் விடற பெருமூச்சுதான்.

2019-ல அமெரிக்காவுல 635 பேரை வச்சு வந்த ஆய்வுல, பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே இருந்தவங்கள்ல 38 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது தெரிஞ்சுது. 5-க்கு மேல போனவங்கள்ல 97 சதவீதம். சரி, ஏறட்டும்னு காத்திருக்கலாமா? அங்கதான் வில்லங்கமே. ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுக்கற கதிர்வீச்சு நல்லா வேலை செய்யறது பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டறதுக்கு முன்னாடிதான். படம் தெளிவா தெரியற வரைக்கும் உட்கார்ந்திருந்தா பஸ் போயிடும். அதனால படம் காலியா வந்தாலும் கதிர்வீச்சு டாக்டரைப் பாத்து "இப்பவே ஆரம்பிக்கணுமா?"ன்னு கேட்டே ஆகணும்.

அடுத்தது, "காரைக்காலுக்கும் ஒரு பெட் மெஷின் வேணும்". காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிஷத்துக்கும் பாதியாயிடும். சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் வண்டியில வந்தா மிச்சம் 3 சதவீதம்கூட இருக்காது. இங்கேயே கறக்கணும்னா ஜெர்மானியம் ஜெனரேட்டர் வேணும். அதுக்கும் ஆயுசு ஒரு வருஷத்துக்குள்ளதான். நம்ம ஊர் கூட்டத்துக்கு கட்டுப்படியாகாதுங்க.

நான் கேட்கறது சின்ன விஷயம். அரசு பொது மருத்துவமனையில பி.எஸ்.ஏ. தவறாம, ஒரே லேப்ல எடுக்கணும் (லேப் மாறினா நம்பரும் ஆடும்). ஏறினா, நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டி 130 கிலோமீட்டர் புதுச்சேரிக்குப் போக தேதியும் பஸ் செலவும் கொடுக்கணும். ஜிப்மர் கிளைக் கல்லூரி 2016-லயே இங்க வந்தாச்சு. இந்த ஏற்பாடு முடியாத காரியமா என்ன?

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். கணக்குல தப்பிருந்தா பின்னூட்டத்துல கும்மலாம்.