மேற்கோளும் அதன் கருத்தும்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பெருமையை, அதனைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்னும் எண்ணால் அளத்தல் இக்கால வழக்கு. அவர்கள் உடன்பட்டு எடுத்தாண்டனரோ, மறுத்தற்கு எடுத்தாண்டனரோ என்பதை அவ்வெண் கூறாது. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

1998-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில், பன்னிரு குழந்தைகளை மட்டும் ஆய்ந்த கட்டுரையொன்று, தட்டம்மை முதலிய நோய்களைத் தடுக்கும் ஊசியின்மேல் ஐயத்தை எழுப்பியது. 2010-இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அச்சம் பல நாடுகளிற் பரவிவிட்டது. அக்கட்டுரையை எடுத்துக்காட்டியோர் பலர். அவருள் நம்பியோர் யாவர், மறுத்தோர் யாவர் என்பதை வெறும் எண்ணிக்கை பகுத்துரைக்குமோ?

இக்குறை தீர வழியுண்டு. வைய விரிவு வலையைக் கண்ட டிம் பெர்னர்ஸ்-லீ என்பாரும் பிறர் இருவரும் 2001-இல் 'பொருளறி வலை' என்னும் கருத்தை விளக்கினர். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூவுறுப்புடைய வாக்கியமாகச் செய்திகளைப் பொறியும் உணருமாறு பதிந்து வைத்தலே அதன் அடிப்படை. இம்முறையைத் தழுவி, ஆக்ஸ்போர்டு அறிஞர் டேவிட் சாட்டன் 2010-இல் வெளியிட்ட 'சைட்டோ' என்னும் சொற்றொகுதி, 'உடன்படுகிறது', 'மறுக்கிறது', 'விரிக்கிறது' என மேற்கோளின் நோக்கத்தைக் குறிக்க உதவுகின்றது.

தமிழ் கற்பார்க்கு இக்கருத்துப் புதிதன்று. நன்னூலார் எழுவகை மதங்களுள் உடன்படலையும் மறுத்தலையும் முதற்கண் வைத்தனரன்றோ? பிறர் கொள்கையை எடுத்துரைப்போன் தன் நிலையையும் உரைத்தல் வேண்டும் என்பதே அதன் பயன்.

வெளியீட்டிற்கு முன் கட்டுரையை ஆய்ந்து மதிப்பிடும் அறிஞர்க்கும் இம்முறை பெருந்துணையாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பெரும்பட்டியலொன்றைக் கிராஸ்ரெஃப் நிறுவனம் 2023-இல் பெற்று யாவர்க்கும் பொதுவாக்கியது. அதனோடு ஒப்பிட்டு, 'இம்மேற்கோள் பழுதுடையது' எனப் பொறி நொடியில் அறிவித்தல் கூடும்.

எழுதுவோர்க்கு இது வீண்சுமை என்பாரும் உளர். பிறர் நூலைப் படித்து எடுத்தாள்வோர்க்கு ஒரு சொல்லாற் கருத்துரைப்பது சுமையாகாது. படியாது எடுத்தாள்வோர்க்கே சுமையாம். இனி, பொறியே நடுவராகுமோ எனின், ஆகாது. அது பழுதைச் சுட்டும். நடுநிலையோடு தீர்ப்புக் கூறுதல் மாந்தர் கடனே.

ஆதலின் ஆராய்ச்சி இதழ்களை நடத்துவோர் இம்முறையை விதியாகக் கொள்ளல் வேண்டுமென்பது எம் கருத்து. மாணவராகிய நாமும் அவ்விதி வருமளவும் காத்திராது, நம் கட்டுரைகளில் மேற்கோள்தோறும் உடன்பாட்டையோ மறுப்பையோ வெளிப்பட உரைப்போமாக.