மாலத்தீவுக்குப் போகுதா நம்ம வரிப்பணம்? எக்செல் போட்டுப் பார்த்தேன்

ஐடிஆர் சீசன். 2025-ல கடைசித் தேதி செப்டம்பர் 15-க்குத் தள்ளிப் போனதால, தல்லாகுளத்துல நம்ம ஆபீஸ்ல கூட்டம் குறையவே இல்லை. அப்ப ஒரு சனிக்கிழமை ஒரு தம்பி வந்தார். சாஃப்ட்வேர் கம்பெனி, வருஷச் சம்பளம் 15 லட்சம், புதிய வரி முறை. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக, செஸ்ஸோட சேர்த்து வரி 1,30,000 ரூபாய். ஸ்கிரீன்ல அந்த நம்பரைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிடுச்சு.

"அண்ணே, தோப்பூர்ல எய்ம்ஸ் கட்டக் காசு இல்லையாம். மாலத்தீவுக்கு மட்டும் 600 கோடி தூக்கிக் குடுக்குறாங்களாம். என் காசு எதுக்குண்ணே அங்க போகணும்?"

கையோட வாட்ஸ்அப் ஃபார்வேர்டையும் காட்டினார். வழக்கமா இந்த மாதிரி ஃபார்வேர்டுல நம்பர் தப்பா இருக்கும். இதுல நம்பர் சரி. 2025-26 பட்ஜெட்ல மாலத்தீவுக்கு 600 கோடிதான். முந்தின வருஷ பட்ஜெட்ல 400 கோடி. "இந்தியாவே வெளியேறு"ன்னு அங்க பிரசாரம் நடந்து, இங்க பதிலுக்கு "மாலத்தீவுக்கு டூர் போகாதீங்க"ன்னு ட்ரெண்ட் பண்ணி, அதுக்கப்புறம் வந்த பட்ஜெட்ல 50 சதவீதம் இன்க்ரிமென்ட். நமக்கு அப்ரைசல்ல யாராவது இப்படித் தர்றாங்களா?

சரி, கோபத்தை ஓரமா வெச்சிட்டு எக்செலைத் திறப்போம். 2025-26-ல மத்திய அரசோட மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 50.65 லட்சம் கோடி. அதுல வெளிநாடுகளுக்கு உதவின்னு ஒதுக்கினது 5,483 கோடி. அதாவது 100 ரூபாய்க்கு 11 பைசா. அந்தத் தம்பி கட்டின 1,30,000-ல வெளிநாட்டு உதவிக்குப் போறது ஏறக்குறைய 140 ரூபாய். அதுக்குள்ள பூட்டானுக்கு 55, நேபாளத்துக்கு 18, மாலத்தீவுக்கு 15, இலங்கைக்கு 8 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. பழைய கடனுக்கு வட்டி கட்ட மட்டும் அவர் பணத்துல கிட்டத்தட்ட 32,500 ரூபாய் போகுது. அதைப் பத்தி யாரும் ஃபார்வேர்டு அனுப்புறதில்லை.

(ஆடிட்டர் புத்தி, ஒரு டிஸ்கிளைமர்: அவர் வரி 2024-25 நிதியாண்டுக்கு, பட்ஜெட் 2025-26-க்கு. அரசு செலவுல ஒரு பகுதி கடன் வாங்கிச் செய்யுறது. அதனால இது தோராயக் கணக்கு.)

எய்ம்ஸ் விஷயத்துக்கு வருவோம். மதுரைக்காரனா எனக்கும் அந்தக் கோபம் உண்டு. 2019 ஜனவரியில அடிக்கல் நட்டாங்க. முதல் பேட்ச் 50 பேர் 2022-ல ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில உட்கார்ந்து படிச்சாங்க. ஒற்றைச் செங்கல் மீம் பார்க்காத ஆளே ஊர்ல கிடையாது. ஆனா மாலத்தீவுக்குக் கொடுத்ததாலதான் தோப்பூர்ல வேலை நடக்கலைன்னு சொல்றது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற வேலை. ஏன்னா, திருத்தின மதிப்பீடு 1,977 கோடியில 1,627 கோடி ஜப்பானோட ஜைக்கா தர்ற கடன். ஒப்பந்தம் ஆனது 2021 மார்ச்சுல. கடனைத் திருப்பிக் கட்டப்போறது மத்திய அரசு. நம்ம ஊர் ஆஸ்பத்திரியே இன்னொரு நாட்டோட வளர்ச்சி உதவியிலதான் எழும்புது. ஒசாகாவுல ஒரு சம்பளக்காரர் தன் ஆடிட்டர்கிட்ட, "எதுக்கு சார் தோப்பூருக்குக் காசு?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

அதனால "ஏன் கொடுக்கணும்"ங்கிறது என் கேள்வி இல்லை. கொடுத்த பணம் என்ன ஆச்சு, யாருக்குப் போச்சு? இதைத்தான் எந்த கிளையன்ட்கிட்டயும் கேட்போம்.

நல்லா செலவான உதவிக்கு ஒரு உதாரணம் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. போர் முடிஞ்ச பிறகு இலங்கையில வீடு கட்டிக் கொடுத்த திட்டம். 1,372 கோடி ரூபாய் மானியம், மொத்தம் 50,000 வீடு. வடக்கு, கிழக்குல மட்டும் 46,000. முதல் 1,000 வீட்டுக்கு அப்புறம் முறையையே மாத்தினாங்க. வீட்டுக்காரர் கையாலேயே கட்டட்டும்னு, ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாயை வேலை முடிய முடியத் தவணையா நேரா அவங்க பேங்க் அக்கவுன்ட்ல போட்டாங்க. ஹோம் லோன் எடுத்தவங்களுக்கு இது புரியும்: அஸ்திவாரம் முடிஞ்சா ஒரு தவணை, கூரை வரை வந்தா ஒரு தவணை. நடுவுல காண்டிராக்டர் இல்லை. கசிவு எங்க வரும்? குறையும் இருந்தது. அந்தத் தொகை பத்தாம, வீட்டை முடிக்கக் கடன் வாங்கி மாட்டிக்கிட்ட குடும்பங்களும் உண்டு. இருந்தாலும் பணம் போன இடத்துல ஒரு வீடு நிக்குது, போய்த் தொட்டுப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை இதைவிட நல்ல ஆடிட் எவிடன்ஸ் கிடையாது.

அதே திட்டத்தோட மலையக நீட்சியைப் பாருங்க. 2017 மே மாசம் நோர்வூட்டுல பிரதமர் கூடுதலா 10,000 வீடு அறிவிச்சார். முதல் கட்ட 1,300 வீட்டுக்கு அடிக்கல் விழுந்தது 2024-ல. லயன் வீடுகள்ல இருக்குறவங்க நம்ம மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துல இருந்து தேயிலைக்குக் கூட்டிட்டுப் போனவங்களோட பேரப்பிள்ளைகள். ஏழு வருஷ இழுவைக்கு யார் பதில் சொன்னாங்க?

பூட்டான் வேற கதை. எட்டு லட்சம் பேர் கூட இல்லாத நாட்டுக்கு 2025-26 பட்ஜெட்ல 2,150 கோடி. ஆப்பிரிக்கா கண்டம் முழுசுக்கும் 200 கோடி சொச்சம். தனிநபர் வருமானத்துல பூட்டான் நம்மளை விட மேல. தேவை அடிப்படையில பார்த்தா இது நியாயமே இல்லை. ஆனா இதை முதலீடாவும் பார்க்கணும். சுக்கா மாதிரி பழைய நீர்மின் திட்டங்கள்ல 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். கடன் வட்டியோட திரும்புது, மின்சாரம் நமக்கு வருது, எல்லையும் அமைதியா இருக்கு. அது சரி, புனாட்சங்சு-1? 1,200 மெகாவாட். 2013-ல அணை கட்டுற இடத்துல மலை சரிஞ்சது, இன்னும் முடியல. ஒரு லிஸ்டட் கம்பெனி இப்படி ஒரு புராஜெக்டை வெச்சிருந்தா ஆன்வல் ரிப்போர்ட்ல பக்கம் பக்கமா விளக்கம் எழுத வெச்சிருப்போம்.

2022-ல இலங்கைக்குக் கொடுத்த 400 கோடி டாலரைப் பத்தியும் நிறையப் பேர் கேட்கிறீங்க. அதுல பெரும்பகுதி கடன், கரன்சி ஸ்வாப், தள்ளிவெச்ச பாக்கி. எரிபொருளுக்கு 50 கோடி டாலர், அத்தியாவசியப் பொருட்களுக்கு 100 கோடி டாலர், இப்படி. இந்தக் கடன்ல வாங்குற சரக்குல பெரும்பங்கு நம்ம கம்பெனிகள்கிட்ட வாங்கினது. அதாவது பணம் ஒரு ரவுண்டு அடிச்சு இங்கயே வருது, திருப்பிக் கட்டுற பொறுப்பு அவங்களுக்கு. நான் கவனிக்கிறது வேற ஒண்ணை. 2025 ஏப்ரல்ல பிரதமர் கொழும்பு போனப்ப, 10 கோடி டாலருக்கு மேல கடனை மானியமா மாத்திட்டோம்னு சொன்னார். நம்ம பாஷையில ரைட்-ஆஃப். செய்யலாம், தப்பில்லை. ஆனா எந்தக் கடன், ஏன், பதிலுக்கு என்னன்னு சாதாரண ஆள் புரிஞ்சுக்கிற மாதிரி ஒரு பக்க நோட் வேணாமா?

அந்த நேரத்துல தமிழ்நாடு அரசு தனியா 123 கோடிக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து அனுப்பினது ஞாபகம் இருக்கும். முதல்ல தமிழர் பகுதிகளுக்குத்தான்னு பேச்சு. அங்க இருக்குற தமிழ்த் தலைவர்களே "எல்லாருக்கும் குடுங்க, எங்களுக்கு மட்டும்னு பிரிக்காதீங்க"ன்னு சொன்னாங்க. பசியில இருந்த பக்கத்துல இருந்தே வந்த வார்த்தை. நியாயமான பங்கீடுன்னா என்னன்னு நான் படிச்ச எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு தெளிவா சொன்னதில்லை.

என்னை உறுத்துற கணக்கு ஆனையூர்ல இருக்கு, நம்ம ஆபீஸ்ல இருந்து பைக்ல போற தூரம். அங்க இலங்கைத் தமிழர் முகாம். அங்க பிறந்து, இங்கயே டிகிரி முடிச்ச ஒரு பையன் போன வருஷம் ஒரு சந்தேகம் கேட்க வந்தார். பெரிய கம்பெனியில வேலை கிடைச்சும், பாஸ்போர்ட் கேட்டதும் நின்னுபோச்சு. குடியுரிமை இல்லை, 2019 திருத்தச் சட்டத்துலயும் அவருக்கு இடம் இல்லை. ஆனா அவர் ரீசார்ஜ் பண்ணா ஜிஎஸ்டி, சோப்பு வாங்குனா ஜிஎஸ்டி. 2025-26-ல இலங்கைக்கு ஒதுக்கின 300 கோடியில அவர் காசும் இருக்கு. 2021-ல மாநில அரசு முகாம்களுக்கு 317 கோடி அறிவிச்சு, பழைய வீடுகளை இடிச்சுப் புதுசாக் கட்ட ஆரம்பிச்சது நல்ல விஷயம். அவருக்கு வேணுங்கிற அந்த ஒரு காகிதத்துக்குப் பட்ஜெட்ல ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் தம்பிகிட்ட முழுசாச் சொல்லலை, வெளிய நாலு பேர் காத்திருந்தாங்க. ஓடிபி வந்தது, ஈ-வெரிஃபை முடிஞ்சது. "பதினஞ்சு ரூபாய்னா ஒரு டீக்காசுதானேண்ணே"ன்னார். ஆமான்னேன். "அப்ப அந்த முப்பத்திரெண்டாயிரம் வட்டி எதுக்குண்ணே?"

அதுக்கு அடுத்த வாரம் தனி வீடியோ. நான் போட்ட எக்செல் ஷீட் சேனல் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, மஞ்சள் கட்டத்துல உங்க வரியைப் போட்டா மத்ததை அதுவே கணக்குப் போட்டுக்கும்.