ஆடு பட்டை உரித்த வேங்கை பிழைக்குமா?

கேள்வி: பசுமைப் போர்வைத் திட்டத்தில் வாங்கி வரப்பில் வைத்த வேங்கைக் கன்றுகளுக்கு இரண்டு வயதாகிறது. சம்பா அறுப்புக்குப் பிறகு ஆடுகள் பட்டையைக் கடித்துவிட்டன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், கூரம்

பதில்: இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தண்டைச் சுற்றி வந்து பாருங்கள். இலை தயாரிக்கும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறும். அதனால் சுற்றிலும் வளையமாகப் பட்டை போன கன்றுகூடச் சில வாரம், சில சமயம் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். வேர் பட்டினி கிடந்து ஓய்ந்த பிறகுதான் காயும்.

ஒரு பக்கமாவது பட்டை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் இருந்தால் கன்றைக் காப்பாற்றலாம். தொங்கும் நாரைக் கூரிய கத்தியால் சீவிவிட்டு, போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கலந்தால் போதும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே வேண்டும். காயத்தில் சிவப்புப் பிசின் வடிந்தால் பயப்பட வேண்டாம், வேங்கையின் இயல்பு அது.

முழு வளையமும் போயிருந்தால், மழை தொடங்கும் சமயம் காயத்துக்குக் கீழே சாய்வாக வெட்டிவிடுங்கள். துளிர்ப்பதில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஒட்டு மாவுக்கு இந்த வழி உதவாது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது நாட்டு மாவாகத்தான் இருக்கும்.

கிடை போட ஆட்டைக் கூப்பிடுவதும் நாம்தான், எருவும் வேண்டும். ஆகவே காவல் கன்றுக்குத்தான் தேவை. முள்ளைத் தண்டோடு சேர்த்துக் கட்டுவது பலரின் பழக்கம். காற்றில் அதுவே பட்டையைக் கீறும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி மூன்று குச்சி நட்டு, அதைச் சுற்றி முள் கட்டுங்கள். ஆடு பின்னங்காலில் எழும்பும், எனவே ஐந்தடி உயரம் வேண்டும். சீமைக்கருவேல மிளார் என்றால் காய் இல்லாததாகப் பார்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் வரப்பெல்லாம் அதுவே முளைக்கும். சாக்கு, பழைய புடவை சுற்றினால் ஈரம் தங்கிக் கரையான் ஏறும். கழிவு ஆயில் பூசவே கூடாது, பட்டை வெந்துவிடும். சாணிக் கரைசல் தெளித்தால் ஆடு சில நாள் வாய் வைக்காது. ஒரு மழைக்குப் பிறகு மறுபடி தெளிக்க வேண்டும்.

உயிரோடு உள்ள கன்றுக்குத்தான் ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. ஏக்கர் வரப்பில் 50 கன்று என்றால் 350 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு இரண்டு வருட வளர்ச்சி. அடுத்த அறுப்புக்கு முன்பே குச்சியும் முள்ளும் தயாராக இருக்கட்டும்.