குரலுக்கு உரிய பெயர்

தேநீர்க்கடையிலும் திருமண வீட்டிலும் பழைய திரைப்பாடலொன்று ஒலிக்கும்போது, “இது எம்.ஜி.ஆர். பாட்டு”, “இது சிவாஜி பாட்டு” என்று சொல்லும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. அவ்விருவருக்கும் மிகப்பல பாடல்களைப் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் ஒருவரே. நடிகருக்கு ஏற்பத் தம் குரலின் தன்மையை மாற்றிப் பாடிய அவரது ஆற்றலே, அவர் பெயரை மறைக்கும் திரையாகவும் ஆயிற்று. பாட்டு மக்களைச் சென்றடைந்தது; அதன் புகழ் வாயசைத்தவரின் முகத்தில் போய்த் தங்கிவிட்டது.

தமிழில் பேசும்படம் தோன்றிய 1930களில் இந்தச் சிக்கல் இல்லை. நடிப்பவரே பாடினர். எம். கே. தியாகராஜ பாகவதரையும் கே. பி. சுந்தராம்பாளையும் காணச் சென்றோர், அவர்களைக் கேட்கவும் சென்றனர். முகமும் குரலும் ஒருவருக்கே உரியனவாய் இருந்தன. பின்னணிப் பாடும் முறை பரவியபோது அவை இரண்டும் பிரிந்தன. திரையில் ஒரு குரலைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தவர், அக்குரலுக்கு உரியவர் எவர் எனத் தேடிச் செல்லவேண்டிய தேவை அப்போதுதான் பிறந்தது.

அத்தகைய தேடலுக்குச் சிறந்த சான்று, 1949ஆம் ஆண்டு பம்பாயில் உருவான ‘மகல்’ என்னும் இந்தித் திரைப்படம். கமால் அம்ரோகி இயக்கிய அப்படத்தின் இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ். பாழடைந்த மாளிகையில் எங்கிருந்தோ ஒரு பெண்ணின் பாட்டு எழுகிறது. கதைத்தலைவன் அக்குரலைத் தொடர்ந்து அலைகிறான். தொலைவிலிருந்து குரல் நெருங்கி வருவது போன்ற உணர்வைத் தர இன்றுள்ள கருவிகள் எவையும் அன்று இல்லை. ஒலிவாங்கி அறையின் நடுவே இருந்தது. பாடகி அறையின் மூலையில் நின்று தொடங்கி, பாடிக்கொண்டே மெல்ல நடந்து ஒலிவாங்கியை அடைந்தார். பிற்காலத்தில் இதனை அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

பாட்டு நாடெங்கும் பரவியது. ஆயினும் இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது ‘காமினி’ என்பதே. அது படத்தில் நடிகை மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! இயற்பெயர் தெரியாமற்போன சங்கப் புலவரைச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று அவர் பாடலின் தொடராலேயே பெயரிட்டு அழைக்கிறோமே, அது காலம் செய்த இழப்பு. இங்கோ பாடகி உயிருடன் அதே நகரில் இருந்தார். பெயர் மட்டும் இல்லை. வானொலியில் பாட்டைக் கேட்டவர்கள் விடவில்லை. பாடியவர் யார் என்று கேட்டு வானொலி நிலையத்திற்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்டறிந்து பெயரை அறிவித்தனர். அப்பெயர் லதா மங்கேஷ்கர். முந்தைய ஆண்டில்தான், ஒரு படத்தயாரிப்பாளர் அவர் குரல் மிகவும் மெல்லியது என்று கூறி ஒதுக்கியிருந்தார். தயாரிப்பாளரின் செவிக்குப் புலப்படாத ஒன்றைக் கடிதம் எழுதியவர்களின் செவி கண்டுகொண்டது.

தம் பெயருக்காகக் கேட்பவர்கள் வாதாடியதை லதா மறக்கவில்லை போலும். பாடகர்களுக்கென விருதுப் பிரிவு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 1957இல் ஃபிலிம்பேர் விருது விழாவில் பாட மறுத்தார். 1959இல் அப்பிரிவு தொடங்கப்பட்டது. முதல் விருது அவருக்கே கிடைத்தது.

பாத்திரத்தினுள் கரைந்துவிடுவதே பின்னணிப் பாடகரின் வெற்றி, எனவே பெயரைத் தேடுவது வீண் என்று வாதிடுவோர் உண்டு. படம் ஓடும் நேரத்திற்கு மட்டும் அவ்வாதம் பொருந்தும். படம் மறந்து பாட்டு மட்டும் நெஞ்சில் நிற்கும்போது, அங்கே பாத்திரம் ஏது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் கலைத்தொண்டு செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களை, அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தனர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தனர் என்னும் விவரத்துடன் இராசராசன் கல்லில் வெட்டச் செய்தான். கலைஞர் பெயரைப் பதிவது தமிழர்க்குப் புதிய பழக்கமன்று.

ஆனால், அப்பழக்கம் தளர்ந்ததற்குச் சொர்ணலதாவின் வாழ்வே சான்று. 1987இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இசையில் பாடத் தொடங்கியவர் அவர். ‘சத்ரியன்’ படத்தின் மாலைப்பொழுதுப் பாடலில் அவர் குரல் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் தாழ்ந்து ஒலிக்கும். ‘தளபதி’யில் அதே குரல் ஊர்க்கூட்டத்தின் ஆரவாரத்தோடு எழும். ‘காதலன்’ படத்தில் துள்ளும், ‘அலைபாயுதே’வில் ஏங்கும். ‘கருத்தம்மா’வில் அழுகையைப் பாட்டாக்கிய அக்குரலுக்கு 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது விரும்பாத தமிழ்ச் செவி அரிது. எனினும் இவை ஐந்தும் ஒரே மிடற்றிலிருந்து வந்தவை என அறியாமலே கேட்டவர் பலர். 2010இல், தம் 37ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய கட்டுரைகளும் நினைவேந்தல்களும் அதன்பின் பெருகின. பெருகியது நன்றே, அவர் கேட்க அவை பெருகியிருக்கலாம்.

பெயர் என்பது புகழோடு நிற்பதன்று, ஊதியத்தையும் தொடுவது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், தம் பாட்டு வணிக நோக்கில் ஒலிபரப்பப்படும்போது உரிமைத்தொகை பெறும் உரிமையைப் பாடகர்க்கும் வழங்கியது. யார் பாடியது என்ற பதிவு சரியாக இருந்தால்தான் அத்தொகை உரியவரைச் சேரும்.

கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டிய நிலை இன்றைய மாணவர்க்கு இல்லை. கைப்பேசிச் செயலியில் பாடல் ஓடும்போதே பாடியவர் பெயரும் சிறிய எழுத்தில் தோன்றுகிறது. பெரும்பாலோர் பார்வை அதற்கு மேலேயுள்ள நடிகரின் படத்தோடு நின்றுவிடுகிறது என்பது வேறு செய்தி. ‘சத்யா’ படத்தில் இளையராஜாவின் இசையில் எஸ். பி. பாலசுப்ரமணியத்துடன் இணைந்து பாடும் பெண்குரல் ஒருவருக்குப் பிடித்துப்போகலாம். அவர் அச்சிறிய எழுத்தைத் தொட்டால், லதா மங்கேஷ்கரின் பாடல்கள் வரிசையாக விரியும். 1988இலிருந்து பின்னோக்கிச் சென்றால் முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு அப்பால் ‘மகல்’ இருக்கிறது. அங்கே, பெயர் அச்சிடப்படாத இளம்பெண் ஒருவர் அறையின் மூலையிலிருந்து பாடிக்கொண்டே ஒலிவாங்கியை நோக்கி நடந்து வருகிறார்.