‘சாப்பி’ என்றால் நெய்தானே?

இந்தோனேசியாவுக்குச் சுற்றுலா போகும்போது நம் மலேசியர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. மொழி தெரியும், சமாளித்துக்கொள்ளலாம். பாதி உண்மைதான். நமக்குக் காராக இருக்கும் ‘கெரேத்தா’ அங்கே ரயில். நாம் இலவசம் என்று மகிழும் ‘பெர்ச்சுமா’வுக்கு அங்கே வீண் என்று பொருள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சோற்றுத் தட்டில் வந்து விழும் சொற்கள் அப்படியல்ல.

யோக்யகர்த்தாவுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். வயது 72. கோழி, மீன் சாப்பிடுவார். மாட்டிறைச்சி மட்டும் ஆகாது. அந்த விஷயத்தில் என்னை முழுதாக நம்பமாட்டார் என்பதற்கு அவர் கைப்பையில் இருந்த ரொட்டிப் பொட்டலமும் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலுமே சாட்சி.

காலையில் பிரம்பானான் போனோம். நகரிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், நடுவில் 47 மீட்டர் உயரத்துக்கு எழும் சிவன் சன்னதி. உள்ளே நான்கு அறைகள். கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார், தெற்கே யார் தெரியுமா? நம் அகத்தியர். தொந்தியும் தாடியுமாக நிற்கிறார். பூசை, தீபம் ஒன்றும் இல்லாத அந்த அறையில் அம்மா கைகூப்பி நின்றதைப் பார்த்து, பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த மனநிலையோடு நகருக்குத் திரும்பியபோது நல்ல பசி. சுல்தான் அரண்மனைக்குப் பக்கத்தில் விஜிலான் என்றொரு தெரு. ‘குடெக்’ விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நான்கு பெஞ்சு போட்ட சிறிய கடை ஒன்றில் உட்கார்ந்தோம்.

குடெக் என்பது பலாப்பிஞ்சுதான். தேங்காய்ப் பாலும் தென்னை வெல்லமும் சேர்த்து, மல்லி, பூண்டு, சித்தரத்தை வகையறாக்களோடு மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். தேக்கிலையையும் போடுவதால் செம்பழுப்பு நிறம் ஏறிவிடுகிறது. நார் நாராக, இறைச்சி போலவே இருக்கும். சோற்றின் மேல் அதை வைத்து, கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றி, அதே நிறத்தில் ஒரு முட்டை. பக்கத்தில் சிவப்பாக ஒரு சம்பால். குடெக் தித்திப்பு என்பதால் அதற்கு ஈடுகட்ட இந்தக் காரம்.

வம்பே அந்தச் சிவப்பில்தான். அதன் பெயர் ‘கிரேச்செக்’. பார்த்தால் ஊறிய அப்பளம் மாதிரி இருக்கும். என்ன அது என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் கரண்டியை நிறுத்தாமலே, “கூலிட் சாப்பி” என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “சாப்பின்னா நெய்தானேப்பா?”

அவர்மீது குற்றமில்லை. நம் ஊர்க் கடைகளில் நெய் டின்னில் ‘மின்யாக் சாப்பி’ என்றுதான் போட்டிருக்கும். மாட்டை நாம் ‘லெம்பு’ என்போம். அங்கே மாட்டுக்கே சாப்பி என்று பெயர். கூலிட் சாப்பி என்றால் மாட்டுத் தோல். அதற்குள் அம்மாவின் தட்டில் ஒரு கரண்டி விழுந்துவிட்டது.

நான் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தேன். அம்மா இந்து, மாடு சாப்பிடமாட்டார் என்று சொன்னேன். ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடச் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். பல இடங்களில் பார்த்ததுதானே. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கை கழுவினார். வேறு தட்டு, வேறு கரண்டி. பலாவையும்கூட முன்பக்கச் சட்டியில் எடுக்காமல், உள்ளே மூடியிருந்த பானையைத் திறந்து எடுத்தார். சம்பாலுக்குப் பதில் இனிப்பாக வேகவைத்த தௌவும் தெம்பேயும். முதல் தட்டுக்குக் காசு வாங்கவில்லை. நான் நீட்டியபோது, அதைத் தான் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஜாவாவில் இது புதிதல்ல போலும். குடுஸ் என்ற ஊரில் இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குடுஸ், அங்கிருந்த இந்துக்களின் மனம் நோகக்கூடாது என்று பசுவை அறுக்க வேண்டாம் என்றாராம். அவ்வூர் சோத்தோவில் இன்றும் எருமை இறைச்சிதான் பேர்போனது. அங்குள்ள பழைய பள்ளிவாசலின் செங்கல் கோபுரமும் கோயில் பாணியில்தான் நிற்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பரிமாறும் முன்பே “தன்பா கிரேச்செக்” என்று சொல்லிவிடுங்கள். சுத்த சைவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கோழியும் கூடவே வேகும் கடைகள் உண்டு.

அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். “பாயாசத்துல சோத்தைப் போட்ட மாதிரி இருக்கு” என்று தமிழில் சொல்லிவிட்டு, கடைக்கார அம்மாளைப் பார்த்து நன்றாகத் தலையாட்டினார். பிறகு மெதுவாக ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தார். குடெக்கும் எலுமிச்சை ஊறுகாயும் அவ்வளவு பொருந்தும் என்று எந்தச் சமையல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தட்டு காலி.

அது என்ன என்று அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஜெருக்” என்றார் அம்மா. நமக்கு ஜெருக் ஊறுகாய், அவர்களுக்கு எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழம். அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை இறுக மூடித் திறந்து, “ஆமாம், ஜெருக்தான்” என்றார். நான் குறுக்கே எதையும் விளக்கப் போகவில்லை. மீதிப் போத்தல் அங்கேயே தங்கிவிட்டது.