மருந்துச் சீட்டு இருக்கிறது, மருந்து எங்கே?

அரசாங்க ஆஸ்பத்திரி என்றதும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். “ஒரு வெள்ளி கொடுத்துவிட்டு ராஜ வைத்தியமா கேட்கிறீர்கள்?” என்கிறார்கள். நர்ஸுகள் சிடுசிடுக்கிறார்களாம், டாக்டர்கள் போதாதாம், கூட்டம் தாங்கவில்லையாம். கூட்டம் உண்மை. ஆள் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் வெறும் அலமாரியின் முன் நிற்கும் நர்ஸைத் திட்டி என்ன பயன்? அலமாரி ஏன் வெறுமையாயிற்று என்பதல்லவா கேள்வி!

நம் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அம்மாள் இரத்தக் கொதிப்புக்காரர். ஒரு மாத மாத்திரைக்கு டாக்டர் சீட்டு எழுதினார். மருந்து ஜன்னலில் கிடைத்ததோ இரண்டு வாரத்து மாத்திரை. “ஸ்டாக் வரவில்லை, பிறகு வாருங்கள்” என்றார்கள். போனார். மறுபடியும் “அடுத்த வாரம்” என்றார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. மூன்றாம் தடவை அவர் போகவில்லை. இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில் பெரட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் நமக்கே விஷயம் தெரிந்தது.

இது யார் குற்றம்? டாக்டர் தம் வேலையைச் செய்தார். ஜன்னலில் இருந்தவர் இருந்ததைக் கொடுத்தார். அந்த அம்மாளும் முடிந்தவரை நடந்தார். குற்றம் அந்த ஜன்னலுக்கு வெகு தூரத்தில், டெண்டர் திறக்கும் அறையில் பிறந்தது.

கிராணி வேலை பார்க்கும் நமக்கு ஸ்டோர்ப் புத்தகம் புதிதல்ல. புகைக்கூடம் ஓடிய காலத்தில், பீப்பாயில் ஆசிட் தீருமுன்னே ஓர்டர் போயாக வேண்டும்; சொன்ன நாளில் லோரி வந்தாக வேண்டும். இல்லையேல் அன்றைய பால் கெட்டது. மலிவென்று மட்டமான வெட்டுக்கத்தி வாங்கினால் மரத்தின் பட்டை காயப்படும். ஆனால் பழி கத்தி வாங்கியவர் மேலா விழும்? வெட்டுக்காரன் மேல்தான் விழும்! ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான் நடக்கிறது.

1994இல் அரசாங்க மருந்துக் கிடங்கு தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பட்டியல் மருந்துகளைக் கொடுக்கும் உரிமை ஒரே நிறுவனத்துக்குப் போயிற்று. “மொத்தமாக வாங்கினால் விலை குறையாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. குறையும்! ஆயிரம் பேர் ஒன்றுகூடிப் பேரம் பேசினால் கிடைக்கும் பலனைத் தொழிற்சங்கத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுசேர்ந்து வாங்குவது வேறு, ஒருவனிடமே வாங்குவது வேறு. முன்னதில் பேரம் பேசும் பலம் வாங்குபவனிடம் இருக்கிறது. பின்னதில் அது விற்பவன் கைக்குப் போய்விடுகிறது. தோட்டத்தில் ஒரே கடை இருந்த காலத்தில் கடைப்பற்று எப்படி வளர்ந்தது என்பதை நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு மேற்கு மலேசியாவின் 20 அரசாங்க மருத்துவ நிலையங்களிலும் தனியார் கடைகளிலும் கிளினிக்குகளிலும் 48 மருந்துகளைப் பரிசோதித்தது. அரசாங்க நிலையங்களில் மருந்து இலவசம். ஆனால் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள்கூடப் போதிய அளவு கிடைக்கவில்லை. இலவச மருந்து இல்லையென்றால் ஏழை எங்கே போவான்? தனியாரிடம் ஒரு மாத இரத்தக் கொதிப்பு மருந்து வாங்க, அரசாங்கத்தின் கடைநிலைத் தொழிலாளிக்குச் சுமார் ஒரு வாரக் கூலி வேண்டியிருந்தது. அலமாரியில் இல்லாத இலவசம், பசித்தவனுக்குக் காட்டிய படத்துச் சோறு!

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இதே நாட்டில் இருக்கிறது. 2003இல் எயிட்ஸ் மருந்துகளின் பேட்டண்ட் உரிமையை மீறி, அரசாங்கத் தேவைக்கென மலிவான மருந்தை இந்தியாவிலிருந்து தருவிக்க நம் அரசாங்கம் முடிவு செய்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலராக இருந்த செலவு 58 டாலருக்கு இறங்கியது. 2017இல் ஹெபாடைடிஸ் சி மருந்துக்கும் அதே அதிகாரம் பயன்பட்டது. டாக்டர்களும் கட்டடங்களும் மாறவில்லை. வாங்கும் முறை மாறியது, உயிர்கள் பிழைத்தன.

மருந்தோடு இந்த விவகாரம் முடியவில்லை. 1997இல் ஆஸ்பத்திரித் துப்புரவு, துணி வெளுத்தல், மருத்துவக் கழிவு, கட்டட எந்திரப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து பணிகளும் மூன்று நிறுவனங்களுக்கு 15 ஆண்டுக் குத்தகையாகப் போயின. தோட்டத்தை விட்டுப் போன நம் பெண்கள் பலர் இன்று அங்கேதான் தரை துடைக்கிறார்கள். குத்தகை கைமாறும் போதெல்லாம் அவர்களின் சேவைக் காலம் என்னாகுமோ என்ற அச்சமும் கூடவே வருகிறது. கூலியைக் குறைத்து எடுக்கும் டெண்டரில் வார்டு மட்டும் எப்படிச் சுத்தமாயிருக்கும்?

2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால் நாம் கேட்பது இவை:

முதலாவது, மருந்துக் குத்தகைகளின் விலையும் நிபந்தனையும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, சொன்ன நாளில் சரக்கு வராவிட்டால் நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரி அன்றே வேறிடத்தில் வாங்க அதிகாரமும் பணமும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, விலையை மட்டும் பார்க்காமல் தரத்தையும், வேலையாட்களின் கூலியையும் சேவைக் காலத்தையும் பார்த்தே டெண்டர் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! மருந்து இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டால் ஜன்னலில் சண்டையிடாதீர்கள். மருந்தின் பெயர், தேதி, போன தடவைகள், இழந்த கூலி, எல்லாவற்றையும் எழுதிக் கிளைச் சங்கத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார் எழுதிக் கொடுப்போம். தனியாளின் முறையீடு காற்றோடு போகும். நூறு தோட்டங்களின் கணக்கு மந்திரியின் மேசைக்குப் போகும்.

நாம் கேட்பது தர்மமல்ல. நாம் வெட்டிய பாலில் வளர்ந்த நாடு இது. சீட்டு எழுதிய மருந்தைச் சீட்டு எழுதிய நாளிலேயே கேட்கிறோம்!